இழுப்பறை

மழையா பனியா என்று முடிவெடுக்காத டேட்டன் நகரத்து நவம்பர்.
வெண்டெல் க்ரௌச், ரேடார் பழுதுபார்ப்பவர்,
பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு எண்ணைக்கூட வெளியே உளறாதவர்,
எனக்குக் காபி ஊற்றுகிறார். கை நடுங்கவில்லை.

மூன்று வருட வரிக்கணக்கு தாக்கல் ஆகவில்லையே என்கிறேன்.

"முதல் வருடம் கட்டப் பணமில்லை.
இரண்டாம் வருடம், முதல் வருடத்தை நினைத்துப் பயம்.
மூன்றாவது...
பழகிவிட்டது."

கடன் அட்டைகள் நான்கு. ஏரியில் ஒருமுறைகூட நனையாத படகு.
நாற்பத்தோராயிரம் டாலர்.
பிரிக்காத உறைகள் எல்லாம் சமையலறை இழுப்பறையில்,
பேட்டரிகளுக்கும் பழைய சாவிகளுக்கும் அடியில்.

மனைவிக்குத் தெரியுமா?

மாடியில் குளியல் தொட்டி நிரம்பும் சத்தம்.
குரலைத் தாழ்த்துகிறார்:
"ரகசியம் காக்கத்தானே மேடம், எனக்குச் சம்பளம்."

சிரித்துவிட்டேன். அவரும்.
அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
படிவத்தைப் புரட்டுகிறேன்.
கடன் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்.
என்னைப் பார்த்துவரச் சொன்னது வேறு:
இந்த இழுப்பறை தெரிந்த ஒருவன்
இவரிடம் என்ன கேட்பான்,
கொடுப்பாரா.

படி இறங்கும்போது கூப்பிடுகிறார்.
"இந்த வாரமே மூன்றையும் தாக்கல் செய்துவிட்டால்?"
செய்யுங்கள், என்கிறேன்.
அதில் தேதியும் இருக்கும் என்று
சொல்லவில்லை.