முள்வாசல்

பலன மலையில் நூல்கயிறு பிடிப்பவன் நான்,
மன்னார்ச் சந்தியோகு.
அட்டை ஊரும் தாளில் நட்சத்திரம் வரைந்தார்
ஜெரோனிமு கப்பித்தான்:
எந்தச் சுவரின் முதுகையும் இன்னொரு சுவர் பார்த்திருக்கும்,
ஒளிந்து நிற்க ஒரு சாண் நிழல் கிடையாது.
அவர் ஊர் வாசல்களுக்குத்
தூணும் கிரீடமும் உண்டாம்.

உச்சி சாய்ந்ததும் மூடுபனி ஏறியது.
சுவருக்குச் சுவர் தெரியவில்லை.

கீழே, கண்டி வழியில்,
கயிற்றில் தொங்கும் முட்படல்.
அளந்து வரச் சொன்னார்.
ஒற்றை ஆள், அதுவும் பக்கவாட்டில், என்றேன்.
சிரித்தார்: "இதுவா வாசல்?"

காவற்காரன் அதைக் கோலால் தூக்கிப் பிடித்திருந்தான்,
விருந்தாளிக்குப் பிடிப்பதுபோல்.
திரும்பும்போதுதான் பார்த்தேன்,
முட்களெல்லாம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

அதை மட்டும்
நான் கப்பித்தானிடம் சொல்லவில்லை.