பதின்மூன்றாவது தட்டு

பச்சூக்கியின் தங்கைக்கு மறுநாள் கல்யாணம்,
மலைக்கு அந்தப் பக்கம்.
ஸ்வானேத்தியின் ஒரே சாலை நான்கு நாளாக மூடிக் கிடந்தது.
வழி வெட்டப் போன புல்டோசரையே
பனி விழுங்கிவிட்டது என்றார்கள்.
ஆகவே கணவாய் வழி,
காலில் ஸ்கீ மாட்டிக்கொண்டு, நாங்கள் நால்வர்.
பச்சூக்கியின் முதுகில் அக்கார்டியன்.
லாலியின் பையில் இருபது இறைச்சி ரொட்டி,
பொட்டலம் பொட்டலமாகப் பூண்டு உப்பு.
வைன் என் பொறுப்பு.

புறப்படுமுன் கல்கோபுரத்தடியில்
ஒவ்வொருவராக நடந்து காட்டினோம்.
மார்பில் கட்டிய கருவி பீப் என்றது, நான்கு முறை.
மடக்குக் கம்பு, அலுமினிய மண்வாரி,
எல்லாம் சரி.
புதைந்தவனுக்குக் கால் மணி நேரம்.
என் மண்வாரி என்னைத் தோண்டாது,
அது தெரிந்துதான் சுமக்கிறோம்.

கணவாய்க்குக் கீழே ஒரே ஒரு சரிவு.
முப்பத்தெட்டு டிகிரி,
இஸ்திரி போட்டதுபோல் வழவழவென்று.
மூன்று நாள் மேல்காற்று
முகட்டுக்கு அப்புறத்துப் பனியை வாரி வாரி
இப்புறம் கொட்டியிருந்தது.

"தோண்டுவோம்" என்றாள் சியூரி.
செல்பேசிக் கோபுரங்களில் ஏறிப் பனிக்கட்டி உடைப்பவள்,
பேச்சு குறைவு.
பச்சூக்கி கடிகாரத்தைப் பார்த்தான்.

குழியின் சுவரில் அந்தக் குளிர்காலம் முழுக்க நின்றது.
மேலே காற்று அடித்து இறுக்கிய பலகை, ஒரு முழம்.
அதன் கீழே புத்தாண்டு மழை விட்டுப்போன கண்ணாடித் தகடு.
இன்னும் கீழே, தரையை ஒட்டி,
ஒன்றோடொன்று ஒட்டாத சீனி.
விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டியது.
"சீனி மேல் கட்டின வீடு" என்றாள் லாலி.
யாரும் சிரிக்கவில்லை.

ஒரு தூண் அறுத்தாள். அதன் தலையில் மண்வாரியைக் கவிழ்த்தாள்.
மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு.
தூண் அசையவில்லை.
பச்சூக்கி அக்கார்டியன் வாரை இறுக்கிக்கொண்டான்.
இனி முழங்கையிலிருந்து.
பதினொன்று.
பன்னிரண்டு.
பதின்மூன்றில்
மேல்பலகை முழுசாக, இழுப்பறை திறப்பதுபோல,
அவள் மடிக்கு வந்தது.

"நேற்று ஐந்து பேர் போயிருக்கிறார்கள், தடம் பார்."
"பார்த்தேன்."
"என் தங்கை, சியூரி."
"தெரியும்."
எங்களுக்குள் ஒரே விதி:
ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் வேண்டாம்.
ஓட்டெடுப்பு கிடையாது.
அவள் குழியை மூடிவிட்டு ஸ்கீயைத் திருப்பினாள்.

இறங்கினோம், இடைவெளி விட்டு,
பிர்ச் மரங்கள் அடர்ந்த தணிந்த முதுகு வழியே,
ஒருவர் போய் நின்ற பிறகே அடுத்தவர்.
அக்கார்டியன் ஒவ்வொரு திருப்பத்திலும்
தானாக ஒரு சுரம் முனகியது.

சரிவு விழவில்லை.
அன்று விழவில்லை, மறுநாள் வெயிலிலும் விழவில்லை.
அதன் குறுக்கே வேறு இருவர் போய்
கல்யாணத்தில் ஆடிவிட்டுத் திரும்பி வந்து
அதைப் பச்சூக்கியிடமே சொன்னார்கள்.
மே மாதம் அந்தப் பனி சத்தமில்லாமல் உருகி
கீழே மாவாலைச் சக்கரத்தைச் சுற்றியது.
திரும்பி வந்ததற்கு மலை ரசீது தருவதில்லை.
பச்சூக்கி ஈஸ்டர் வரைக்கும் சியூரியிடம் பேசவில்லை.
நானும் அவளுக்காகப் பேசவில்லை.

பேசியிருக்கலாம்.
அன்று காலை, காட்டைத் தாண்டிய முதல் வெட்டவெளியில்,
என் காலடியில் பனி 'உம்' என்று உட்கார்ந்தது,
பெரிய மாடு ஒன்று பெருமூச்சு விட்டுப் படுப்பதுபோல.
ஸ்கீ முனையிலிருந்து ஒரு விரிசல்
பத்தடி ஓடி நின்றது.
மற்றவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள்.
லாலி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.
பைக்குள் புட்டிகள் ஒன்றையொன்று இடித்தன.
நான் நின்றேன்.
பிறகு ஸ்கீயின் பக்கவாட்டால்
கொஞ்சம் பனியைத் தள்ளி
விரிசலை மூடிவிட்டு நடந்தேன்.