ஒட்டு

கச்சான் கிழித்தது மூன்று முழம்.
தொண்டிக் கடையில் காடாவுக்குக் கடன் இல்லை.
கோழிக்கூண்டின் மேல் கிடந்தது
தம்பி கல்யாணத்து ஃபிளெக்ஸ்.
என்னைக் கூப்பிடாத கல்யாணம்,
என் வேலியில் கட்டிய பேனர்.

கோணூசி. நைலான் நூல்.
மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகு தடவி
ஓரம் மடித்துக் குத்தினேன்
சவரிராசுவைத் தலைகீழாக.
வேண்டுமென்றுதான்.
பெண்ணின் முகத்தில் மட்டும் ஊசி படாமல்
சுற்றிப் போனேன். அவள் என்ன செய்தாள்?

காரங்காட்டு அலையாத்தி தாண்டியதும்
கன்னம் உப்பிற்று அவனுக்கு.
காற்றை முழுசாய் வாங்கி
வத்தையை இழுத்தான்,
சின்ன வயதில் கரைவலைக் கயிற்றில்
தொங்குவானே, அப்படி.

திரும்புகையில் கரையில் நின்றான்.
தலையைச் சாய்த்துப் பார்த்தான்.
"தையல் பிரியுது" என்றான்,
மூன்று வருஷம் கழித்து,
யாரிடமோ சொல்வதுபோல்.