எழுபது நிமிடம், கடல் சம்மதித்தால்

கிளாஸ்கோவில் இருந்து பாரா தீவுக்கு
இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
விமானத்தில் எழுபது நிமிடம்.
சாலையும் கப்பலுமாய்ப் போனால்
ஒரு பகல் கரைந்துவிடும்.
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
மாதம் ஒருமுறை போகிறவள்,
குழந்தைகளின் செவிப்புலன் பார்ப்பவள்.

ஆனால் அட்டவணையில்
கிழமைக்கொரு நேரம் போட்டிருக்கும்.
அங்கே ஓடுபாதை என்பது
கடற்கரைதான். வெறும் மணல்.
நீர் வற்றினால் விமான நிலையம்,
நீர் ஏறினால் கடல்.
நேரத்தை நிலா எழுதும்;
முத்திரை மட்டும் நிறுவனத்துடையது.

இன்று என் பையில்
தீப்பெட்டி அளவு டப்பாவில்
இளஞ்சிவப்பாய் இரண்டு காது அச்சுகள்.
எய்லிக்கு. வயது ஏழு மாதம்.
மூன்று வாரத்துக்கு முன் அவள் காதுக்குள்
பச்சைப் பசை நிரப்பி அளவெடுத்தேன்.
அழவில்லை.
என் அடையாள அட்டையைக் கடித்தாள்.
அந்த வயதுக் காது
பிசைந்து மூடிவைத்த மாவு மாதிரி,
சொல்லாமல் உப்பும்.
அச்சு பொருந்தாவிட்டால்
கருவி விசிலடிக்கும்.

பத்தொன்பது இருக்கை.
விமானிக்கும் நமக்கும் நடுவே கதவில்லை.
துணை விமானி உட்கார்ந்தபடியே திரும்பி
பெல்ட் போட்டாச்சா என்கிறார்,
மினிபஸ் ஓட்டுகிறவர் போல.
பக்கத்து இருக்கைக்காரர் மடியில்
வாஷிங் மெஷினுக்கான ரப்பர் வளையம்.
நகரத்தில் இருந்து அதற்காக மட்டும்
வந்து திரும்புகிறாராம்.

கிளைடு ஆறு. ஜூராவின் மலைகள்.
பிறகு பால்.

கீழே தீவு இருப்பதாகத் திரை சொல்கிறது,
கண் சொல்லவில்லை.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று, இம்முறை தாழ்வாக.
ஒரு கணம் மூடுபனி கிழிந்து
ஈர மணல், வேலிக்கம்பி,
சிவப்பு ஜாக்கெட்டில் யாரோ.
தையல் போட்டாற்போல் மூடிக்கொண்டது.
விமானி கடிகாரத்தைப் பார்த்தார்.
நீர் ஏறத் தொடங்கியிருக்கும்.

இரண்டரை மணி நேரம் பறந்து
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.
அதே கதவு, அதே காப்பி இயந்திரம்.
எங்கிருந்து வருகிறீர்கள் என்றார் டாக்ஸிக்காரர்.
யோசிக்க வேண்டியிருந்தது.

"போயிட்டியோ?" நிமலனின் செய்தி.
"போனன். இறங்கேல்லை."

அடுத்து மோரக், எய்லியின் அம்மா:
சிவப்பு ஜாக்கெட் நான்தான்.
சத்தம் கேட்டு மேலே பார்த்தேன்.
இவளுக்குக் கேட்கவில்லை.
நான் பார்த்ததால்
இவளும் பார்த்தாள்.

அதை மூன்று முறை வாசித்தேன்.
டப்பாவைத் திறந்து மூடினேன்.

நான்கு நாள் காற்று. பிறகு வானம் திறந்தது.
சக்கரம் தண்ணீரைச் சீவிக்கொண்டு இறங்க,
விமான நிலையத் தேநீர்க் கடை மேசையிலேயே
போட்டுப் பார்த்தோம்.
இடக்காது கச்சிதம்.
வலக்காது 'கீ' என்றது.

எய்லி சட்டென்று அசையாமல் இருந்தாள்.
விசிலைத்தான் கேட்கிறாள்.
நாங்கள் சரிசெய்ய வேண்டிய அந்தச் சத்தத்தை
ஆவென்று வாய் திறந்து கேட்கிறாள்.
மோரக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பச்சைப் பசையை மறுபடி குழைக்கிறேன்.
இறுகக் கொஞ்ச நேரம் வேண்டும்.
கண்ணாடிக்கு வெளியே
துணை விமானி கை காட்டுகிறார்:
தண்ணீர் வருகிறது, வாருங்கள்.

இரண்டு நிமிடம், என்று விரல் காட்டுகிறேன்.
அவரிடம் அல்ல,
அவருக்குப் பின்னால் வருவதிடம்.