மழைக்குக் கட்டும் பாவாடை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜிம் வைத்திருக்கும் ஜிஜின் கொடுத்தான்,
தேதி முடிந்த வே புரோட்டீன், இரண்டு டப்பா.
டப்பாவின் மேல் ஒருவன் கழுத்தில்லாமல் சிரிக்கிறான்.
குலசேகரம் வரை பேருந்தில்
அவன் முகத்தின் மேல் கைப்பையை வைத்து மறைத்தபடி
மடியில் கொண்டுவந்தேன்.

உள்ளே இருப்பது மடிப்பு.
பாலில் இருந்த ஒரு நீளச் சங்கிலி
தண்ணீருக்குக் கூசும் பக்கங்களை நடுவில் ஒளித்துக்கொண்டு
தன்னைத் தானே சுருட்டி உட்கார்ந்திருக்கிறது.
அமிலம் சேர்த்தேன். தொண்ணூறு டிகிரி.
இருபது மணி நேரம்.
மடிப்பு அவிழும், பிறகு அறுபடும்,
அறுந்த துண்டுகளில் சில மட்டும்
தங்களைப் போன்ற துண்டுகளைக் கண்டுபிடித்து
ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே படுக்கும்.
ஏணிதான். படிக்கும் படிக்கும் இடையே
அரை நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.
படிகளைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு
தனியே ஒன்றை எடுத்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை.

அப்படி இரண்டு ஏணிகள் முகத்தோடு முகம் ஒட்டும்,
இடையில் தண்ணீருக்கு இடமில்லாமல்.
மறதி நோயில் மூளைக்குள் படிவதும் இதே அடுக்குதான் என்று
கருத்தரங்குகளில் சொல்வேன்.
வேகமாகச் சொல்லிவிட்டு
அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன்.

ஆய்வகத்தின் பின்சுவருக்கு அப்பால்
சிசில்ராஜின் ரப்பர் விளை.
பாலை உறையவைக்க அவருக்கும் அமிலம்தான்.
"எனக்கு மத்தியானத்துக்குள்ள ஒறஞ்சிரும்.
ஒனக்கு எதுக்கு பிள்ளே ராத்திரி முழுக்க?"
சுவரில் கையூன்றிக் கேட்பார்,
பதிலுக்கு நிற்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை இரவு
ஒரு குடுவையின் மூடி விரிந்துவிட்டது.
காலையில் கரைசல் பாதிக்கும் கீழே,
மோர்க்குழம்பு மாதிரி கட்டியாக.
"கொட்டிரட்டா மிஸ்?" என்றான் பென்சாம்.
நல்லதோடு சேர்த்து அதையும் அனுப்பச் சொன்னேன்,
திருவனந்தபுரத்து நுண்ணோக்கிக்கு.
ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. சோம்பலாக இருக்கலாம்.

படங்கள் வந்தன.
நல்லதில் இழைகள் ஈர்க்கு பரப்பியதுபோல் நேர் நேராக.
கெட்டுப்போனதில் எல்லாம் குட்டை, எல்லாம் கோணல்,
ஒடித்துப்போட்ட சேமியா.
மூன்று வருடமாக என் அறிக்கைகளில்
"நேரான" என்ற சொல்லுக்குக் கீழே கோடிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டையும் கிளிசரின் சேர்த்துத் தட்டில் காயவைத்தோம்.
நேரானவற்றின் தகட்டை வளைத்தேன்,
அப்பளம்போல் போயிற்று.
கோணல் தகடு வளைந்து திரும்பிவந்தது.
அதில் ஆய்வகச் சாவிக்கொத்தைப் பூட்டோடு தொங்கவிட்டோம்.
சாப்பிட்டு வந்து பார்த்தபோதும் தொங்கியது.
நேர் இழைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தனவே தவிர
ஒன்றையொன்று பிடிக்கவில்லை.
இவை எங்கெங்கோ கொளுவிக்கொண்டிருந்தன.

சிசில்ராஜ் அதை வெயிலுக்கு எதிரே பிடித்தார்.
"கொள்ளாம்."
பிறகு தன் மரங்களைக் காட்டினார்.
ஒவ்வொன்றின் இடுப்பிலும்
தார் பூசி ஒட்டிய பிளாஸ்டிக் பாவாடை,
வெட்டுப்பட்டையும் சிரட்டையும் நனையாமலிருக்க.
"வருசா வருசம் கிழிச்சு எறியேன்.
எல்லாம் தோட்டுல கெடக்கு.
ஒனக்கது மழைக்கு நிக்குமா?"

நிற்குமா?
ஆனி மாதம். ஒரு பட்டையை நறுக்கி
சுவரோர மரத்தில் கட்டினோம்.
நாலு மணிக்குப் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து
மழை இறங்கியது.
புகைப்புரையில் ஒதுங்கி மூன்று பேரும் பார்த்தோம்.
முதலில் ஓரம் சுருண்டது. வெளுத்தது.
அப்புறம் இரண்டு மடங்கு தடித்து
நுங்குபோல் தொங்க ஆரம்பித்தது.
சிரட்டையில் பாலோடு தண்ணீர் நிறைந்து வழிந்தது.
சிசில்ராஜ் நனைந்துகொண்டே போய் அதைக் கவிழ்த்தார்.

"நாளைக்கு இன்னும் கட்டியா காச்சிப் பாரு."

மழை விட்டபிறகு கழற்றப் போனேன்.
கீழ்ப்பாதி கையோடு வந்தது.
தார் தொட்ட மேல்விளிம்பு வரவில்லை.
அவருடைய பால்வெட்டும் கத்தியை வாங்கிச்
சுரண்ட வேண்டியிருந்தது.
நோட்டில் எழுதினேன்: நீரில், ஒன்றரை மணி நேரம்.
கீழே, பென்சிலால்: தார்?