தாழ்ந்த சன்னல்

நடைமேடையை மூன்று முறை உயர்த்திவிட்டார்கள்,
மீட்டர் கேஜ் போனபோது ஒரு முறை,
வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு.
கட்டடம் மட்டும் போட்ட இடத்திலேயே.

கடலூர் முதுநகரில்
வளைவு வாசலுக்கு இப்போது கழுத்தே இல்லை.
பழைய தண்டவாளத்தை நட்டுவைத்த தூண்கள்
முழங்கால்வரை சிமெண்டில்.
கல்பெஞ்சில் உட்கார்ந்தால்
முட்டி முகவாயில் இடிக்கிறது.

டிக்கெட் சன்னல் இடுப்புக்கு வந்துவிட்டது.
உள்ளே அமலோற்பவம்
பழைய தரையில்தான் நாற்காலி போட்டிருக்கிறார்.
அவருக்குத் தெரிவதெல்லாம் பொத்தான், பெல்ட்,
மீன்கூடையின் ஈர விளிம்பு.

'விருத்தாசலம் ஒண்ணு' என்கிறது
ஒரு கோடுபோட்ட சட்டை.
சில்லறை கேட்டால்தான்
முகம் குனிந்து வரும்.

நேற்று
மோதிரம் கழற்றிய தடமுள்ள ஒரு கை.
குனியாமலே கேட்டது குரல்:
'இன்னும் நீங்கதானா?'

அவர் தேதி முத்திரையை
வெறும் தாளில் ஒருமுறை குத்திப் பார்த்தார்.