மீட்டர் ஓடாத தூரம்

எங்கே சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டே ஏறுகிறீர்கள்.
கதவை ஓங்கிச் சாத்துங்கள்,
அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் எனக்கு மட்டும்தான் கட்டுப்படும்.
இருட்டிவிட்டால் ஒன்றரை மடங்கு.
காசாபிளாங்காவில் இந்தச் சிவப்பு டாக்சிக்கு
அது நான் வைத்த விலை இல்லை.

மீன் என்றால் துறைமுகம்.
வாசலில் வண்ண விளக்குப் போட்ட கடை வேண்டாம்.
அதற்குப் பின்னால், பூனைகள் காத்திருக்கும் கடை.
முள் நீக்கிய மத்தியை இரண்டிரண்டாய் ஒட்டி
நடுவே பூண்டும் கொத்தமல்லியும் வைத்துப் பொரிப்பார் ஹம்மு.
பூனைக்கு ஒரு வால்கூடப் போடாமல் எழுந்தால்
முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

குடிக்க என்றால்
திரை போட்ட ஜன்னலைத் தேடுங்கள்.
உள்ளே புகை, கால்பந்து,
கேட்காமலே வரும் ஒரு தட்டு அவித்த கடலை.
காலிப் பாட்டிலை எடுக்கமாட்டார்கள்,
கணக்கு மேசைமேலேயே நிற்கும்.
என் மைத்துனன் பூஷ்தாவின் மேசையில் ஒருநாள் பதினாலு நின்றது.
ஏழுதான் குடித்தேன் என்று
இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

ஆட என்றால் கடலோரச் சாலை.
முகத்தைப் பார்க்குமுன் ஷூவைப் பார்ப்பார்கள்.
உள்ளே நான் போனதில்லை.
அந்த இசையில் என் பங்குக்கு வருவது
வண்டிக் கண்ணாடியின் அதிர்வு மட்டும்.
இருக்கையைச் சாய்த்து
அதன்மேல் தலை வைத்துத் தூங்குவேன்.

நேற்று விடியாத நாலு மணிக்கு
அங்கிருந்துதான் கிஸ்லான் ஏறினாள். பாடுகிறவள்.
பாட்டுக்கு நடுவில் எவனோ நெற்றியில் ஒட்டிய
இருநூறு திர்ஹம் நோட்டின் ஈரம் இன்னும் காயவில்லை.
பாதி முதலாளிக்கு, கால்வாசி வயலின்காரனுக்கு
என்று விரல்விட்டுக் காட்டினாள்.
குரல் மொத்தமும் உள்ளேயே செலவாகிவிட்டது.
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள்:
எங்கே?

இருபத்திரண்டு வருஷமாய் ஒப்பிக்கிற பதில்
அவளிடம் வரவில்லை.
மீட்டரை அணைத்தேன்.

சுவரில் ஒரு பொந்து, அவ்வளவுதான் கடை.
பாங்கு சொல்வதற்கு முன்பே அண்டாவில் பிஸாரா கொதிக்கும்.
காய்ந்த மொச்சை கரைந்து குழைந்த சூப்,
மேலே ஆலிவ் எண்ணெய், ஒரு சிட்டிகை சீரகம்.
மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள், இரவுக் காவல்காரர்கள்,
கையுறையைக் கழற்ற மறந்த ஒரு நர்ஸ்,
எல்லாரும் நின்றபடி.
வெறுங்காலோடு, ஜரிகைச் சட்டையோடு வந்தவளை
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.
ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்தாள்.
இரண்டாவது கிண்ணம்.
மூன்றாவதும் வேண்டுமென்று விரல் காட்டிவிட்டு
தானே சிரித்துக்கொண்டாள்.

நெற்றி நோட்டை நீட்டினாள்.
சில்லறை இல்லை என்றான் கடைப் பையன்.
நான் கொடுத்தேன், பதினெட்டு திர்ஹம்.
கடன் என்று சைகை செய்தாள்.
கடனே இருக்கட்டும்.

அந்தக் கடை எங்கே என்றா கேட்கிறீர்கள்?
சொன்னால் நாளைக்கே
வாசலில் வண்ண விளக்குப் போட்டுவிடுவார்கள்.
இதோ, துறைமுகம்.
இருங்கள், இழுக்காதீர்கள்,
கதவை நான் வந்து திறக்கிறேன்.